பலகைக்கு அந்தப் பக்கம்

கணவருக்கு முதுகுவலி வந்தபோது அவளுக்கு வருத்தமாக இருந்தது. அந்த வலி போனபோதுதான் வயிறு எரிய ஆரம்பித்தது.

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். பாதி நாள் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் குந்தி உட்கார்ந்திருப்பார். மீதி நாள் அடிக்குழியில் மடங்கிக் கிடப்பார். ஐம்பதைத் தாண்டியதும் முதுகு முரண்டு பிடித்தது. கம்பெனி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "நகராட்சி நீச்சல் குளத்துல சவுனா ரூம் இருக்கு. சூட்டுல கொஞ்ச நேரம் உக்காந்து பாருங்க, தசை இளகும்" என்றார். அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் வேலை முடிந்ததும் நேரே அங்கே போய்விட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

முதலில் அவளுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. "வேர்க்கிறதுக்குன்னு ஒருத்தர் தனியா போவாங்களா? நம்ம வீட்டு மொட்டைமாடிக்குக் கீழ படுத்தாலே போதுமே" என்றாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதற்கும் ஒன்றும் சொல்வதில்லை.

ஆனால் சில வாரங்களில் வீட்டுக்குத் திரும்பி வருகிற ஆளே வேறாக இருந்தார். கன்னம் சிவந்து, தோல் பளபளத்து, இரண்டு வயது குறைந்தாற்போல் வந்து நின்றார். மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தலையணையில் தலை படும் முன்பே தூங்கினார். செருப்பை மாட்டும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தார். இதெல்லாம் போகட்டும் என்றால், கரும்பச்சை நிறத்தில் ஒரு புதுத் துண்டு வாங்கியிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று அவர் தானே போய் வாங்கிய துணி அது ஒன்றுதான். மீதி எல்லாம், உள்பனியன் உட்பட, அவள் வாங்கிக் கொடுத்தது.

அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். பின்னறையில் சாணை இயந்திரத்தின் முன் உட்கார்ந்து லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து, ஃப்ரேமுக்குள் பொருத்தி, திருகு முடுக்கிக் கொடுப்பது அவள் வேலை. மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்து செல்ஃபோன் கடையிலிருந்து தங்கை வந்துவிடுவாள். துண்டு விஷயத்தைச் சொன்னதும் தங்கை கையிலிருந்த கவளத்தைத் தட்டில் போட்டாள்.

"பச்சையா?"

"கரும்பச்சை."

"அக்கா, ஆம்பளைங்க அம்பது வயசுல திடீர்னு குளிக்கப் போறாங்கன்னா கொஞ்சம் கண்ணைத் தொறந்து பாக்கணும்."

"ச்சீ, உங்க மாமாவா? அந்த மனுஷன் வாயைத் தொறந்து பேசணும்னா முதல்ல மனு போடணும்."

"பேசாதவங்களைத்தான் நம்பக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தங்கை மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள். பேச்சு அங்கேயே முடிந்தது. ஆனால் அன்று மாலை அவள் அந்தத் துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தாள். மரவாசனை அடித்தது. புதிதாய் இழைத்த பலகையை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாற்போன்ற வாசனை. வேறொன்றும் இல்லை. அது அவளுக்கு நிம்மதியாக இல்லை.

"அங்க என்னதான் பண்ணுவீங்க?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்டாள்.

"உக்காந்திருப்பேன்."

"உக்காந்து?"

"வேர்க்கும்."

"அப்புறம்?"

அவர் யோசித்தார். "பச்சைத் தண்ணில குளிப்பேன். உடம்புக்கு நல்லதாம்."

அவ்வளவுதான். மகள் படிக்கப் போய் விடுதியில் தங்கியதிலிருந்து அந்த மேசையில் ஓடும் பேச்சு இந்த அளவுதான். ரசத்துக்கு உப்பு போதுமா, கேஸ்காரன் வந்தானா, நாளைக்கு எந்த ஏரியா. அதற்காக அவள் குறைபட்டதில்லை. அவர் சுபாவமே அப்படி என்று எப்போதோ முடிவு கட்டிவிட்டாள். சுபாவத்தோடு யார் சண்டை போடுவது?

அடுத்த வெள்ளிக்கிழமை, தலைவலி என்று கடையில் சொல்லிவிட்டுச் சீக்கிரம் கிளம்பினாள். நீச்சல் குளத்து வாசலில் அவருடைய ஸ்கூட்டர் நின்றிருந்தது. உள்ளே ஆண்களுக்கு இடப்பக்கம், பெண்களுக்கு வலப்பக்கம் என்று தனித்தனி வழி. அதைப் பார்த்துப் பாதி நிம்மதி வந்தது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் திரும்பிப் போக மனம் வரவில்லை. வாசலில் இருந்த பெண்ணிடம் துண்டு வாங்கிச் சுற்றிக்கொண்டு, கனமான கதவை இழுத்துத் திறந்தாள்.

சூடு முகத்தில் அறைந்தது. முதல் மூச்சு மூக்குத் துவாரத்தைச் சுட்டது. மங்கலான மஞ்சள் விளக்கில் மூன்று படிகளாகப் பலகை போட்டிருந்தது. மூலையில் இரும்புக் கூண்டுக்குள் அடுப்பில் காய்கிற கற்கள். கீழ்ப்படியில் உட்கார்ந்த மறுநிமிடம் "ஆ!" என்று கத்திவிட்டாள். அவள் போட்டிருந்த கண்ணாடியின் உலோக ஃப்ரேம் காய்ந்து மூக்குத்தண்டில் சூடு வைத்துவிட்டது.

"புதுசா? கழட்டி வெளிய வச்சுட்டு வாங்க. சங்கிலி, கம்மல் எல்லாத்தையும்" என்றாள் நடுப்படியில் இருந்த பருத்த பெண்மணி. பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவள். அங்கே எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். உச்சிப்படியில், தலை கூரையைத் தொடும் உயரத்தில், காலை மடக்கிப்போட்டு ஒரு மெலிந்த பெண் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு சூடேறினாலும் அந்த இடத்தை விட்டு இறங்க மாட்டாள் என்பதால் அவளுக்கு மேல்படி என்று பெயர்.

கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எல்லாமே கரைந்த உருவங்களாகத் தெரிந்தன. காது மட்டும்தான் மிச்சம்.

டீச்சர் பாடம் எடுத்தாள். "இந்தச் சூட்டுல இதயம் வேகமா நடந்த மாதிரி வேலை செய்யும், தெரியுமா? ரத்த ஓட்டம் சீராகும். பிரஷர் இறங்கும். தோல்ல இருக்கிற அழுக்கு, உடம்புக்குள்ள இருக்கிற விஷம் எல்லாம் வேர்வையில வெளிய வந்துரும். எனக்கு கோபம்கூடக் கொறஞ்சிருக்கு, என் வகுப்புப் பசங்களைக் கேட்டுப் பாருங்க."

"விஷமெல்லாம் வேர்வையில வராதாம் டீச்சர், பேப்பர்ல போட்டிருந்தான். அதுக்குக் கல்லீரல் இருக்காம்" என்றாள் மேல்படி மேலேயிருந்து.

"அவன் ஒரு நாள் வந்து உக்காந்து பாத்துட்டு எழுதட்டும்."

இவளுக்குப் புருவத்தில்தான் முதலில் வேர்த்தது. பிறகு முழங்கால் மடிப்பில், முதுகுத்தண்டு வழியாக, எங்கெங்கோ. நாளெல்லாம் லென்ஸ்மேல் குனிந்து இறுகிக் கிடந்த கழுத்து மெதுவாகத் தளர்ந்தது. சுகமாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள அவளுக்குப் பிடிக்கவில்லை. வந்த வேலை வேறு.

அப்போதுதான் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. ஒரே பெரிய அறையை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள்; கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி. அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கத்துக்குப் பிசிறில்லாமல் வந்தது.

"... ரெண்டு பேரும் எதிர் எதிர் வீடு. வண்டி நிறுத்துற இடத்துக்காகச் சண்டை போட்டு வருஷக்கணக்கா முகத்தைக்கூடப் பாக்கிறதில்ல. அன்னைக்குன்னு பாத்து ரெண்டு பேரும் ஒரே லிஃப்ட்டுல ஏறித் தொலைச்சாங்க. நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல நின்னு போச்சு."

நல்ல குரல். நிதானமாக, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தத் தெரிந்த குரல். யாரோ கதை சொல்லத் தெரிந்த ஆள் என்று நினைத்தாள்.

"அப்புறம் என்ன ஆச்சு லிஃப்ட்டு சார்?" என்று மேல்படி இடைவெளியைப் பார்த்துக் கத்தினாள்.

"நான் போய் மேல மூடியத் தொறந்து பாக்கிறேன். ஒருத்தர் இந்த மூலை, ஒருத்தர் அந்த மூலை. நடுவுல கோடு போட்டா மாதிரி. சரின்னு வேலையப் பாத்தேன். கீழ பேச்சுச் சத்தம் கேக்குது. மொதல்ல திட்டு. அப்புறம் விளக்கம். அப்புறம் ஒருத்தர் அழறாரு. நான் சரி பண்ணிட்டு, 'சார், லிஃப்ட்டு ஓடும், கெளம்பலாமா'ன்னு கேட்டேன். ரெண்டு பேரும் அண்ணாந்து பாத்து, 'தம்பி, கொஞ்சம் பொறுங்க, இன்னும் முடியல'ன்னாங்க பாருங்க!"

அந்தப் பக்கம் ஆண்கள் ஓவென்று சிரித்தார்கள். இந்தப் பக்கம் டீச்சரின் படி குலுங்கியது. கடைசியில் கதை சொன்னவரும் சிரித்தார். மூக்கால் தொடங்கி, ஒரு கணம் மூச்சு முட்டி, பிறகு வெடிக்கிற சிரிப்பு.

லிஃப்ட் பேச்சைக் கேட்டும் அந்தக் குரலை அவரோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றாதவளுக்கு, அந்தச் சிரிப்பில்தான் அது தன் கணவர் என்று தெரிந்தது. மகள் தத்தி நடந்த காலத்தில் அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கிறாள்.

எழுந்து வெளியே வந்து பச்சைத் தண்ணீரைத் திறந்து தலையில் விட்டுக்கொண்டாள். வேறொரு பெண் இருந்திருந்தால் என்ன செய்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். அதற்கு வார்த்தைகூடத் தயாராக வைத்திருந்தாள். இதற்கு ஒரு வார்த்தையும் இல்லை. ஊர் பேர் தெரியாத நாலு பேருக்கு அள்ளிக் கொடுக்கிற மனுஷன் வீட்டில் ஏன் இப்படி மூட்டையைக் கட்டி வைத்திருக்கிறார்?

அன்று இரவுச் சாப்பாட்டின்போது, ஒன்றும் தெரியாதவள்போல், "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றார் அவர். "கொஞ்சம் மோர் ஊத்து."

அதன்பிறகு அவளால் போகாமல் இருக்க முடியவில்லை. அவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே போகிறவரை எதிர்க்கடையில் காத்திருந்து, பிறகு நுழைந்தாள். முடிந்ததும் அவர் கூட்டாளிகளோடு வாசலில் நின்று டீ குடிப்பார். அதற்குள் இவள் பின்வழியாக வீடு போய்ச் சேர்ந்துவிடுவாள். தலை ஈரத்தைப் பற்றி அவர் ஒரு முறையும் கேட்கவில்லை.

சவுனா தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கழுத்துவலி விட்டது. தூக்கம் வந்தது. "முகத்துக்கு என்ன போடுறீங்க?" என்று கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் கேட்டாள். டீச்சர் அகப்பையில் மொண்டு கல்லில் தண்ணீர் ஊற்றுவாள். சீறிக்கொண்டு ஆவி எழும். காதுமடல் எரிய, கண்ணை மூடிக்கொண்டு எல்லோரும் குனிவார்கள். வெளியே வந்து, உடம்பெல்லாம் புகைய முற்றத்துக் குளிரில் உட்கார்ந்திருக்கும்போது உலகத்தில் ஒரு குறையும் இல்லாததுபோல் இருக்கும். ஆனால் உள்ளே இருந்த நேரம் முழுதும் அவளுக்குக் காதில் புகை வந்துகொண்டுதான் இருந்தது. எல்லா அழுக்கும் வேர்வையில் போகும் என்று டீச்சர் சொன்னாளே, இது மட்டும் ஏன் போகமாட்டேன் என்கிறது?

முகம் பார்த்துக் கேட்கிற அந்த ஆண்கள்மேல் பொறாமை. கூரை இடைவெளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் பிடித்துக்கொள்கிற மேல்படிமேல் அதைவிடப் பெரிய பொறாமை. "லிஃப்ட்டு சார்" என்று அவள் கூப்பிடும்போது அந்த 'சார்' கொஞ்சம் நீளுவதாகப் பட்டது. இவர் வேறு, "மேல்படி மேடம் இன்னைக்கு வந்திருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கதையை ஆரம்பிப்பார். மேடமாம்! கட்டியவளை ஒரு நாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இந்தா'வும் 'கேட்டியா'வும்தான்.

குளிர் உச்சத்தில் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டு அறைகளிலும் கூட்டம். அந்தப் பக்கம் யாரோ ஒரு இளைஞன் கேட்டான்: "லிஃப்ட்டு அண்ணே, மாட்டினவங்கள்ல மறக்கவே முடியாத ஆளுன்னா யாரு?"

அவர் சொன்னார்: "ஒரு பொண்ணு. நான் வேலைக்குச் சேந்த புதுசு. பழைய பில்டிங், பழைய லிஃப்ட்டு. உள்ள ஒரே இருட்டு. நான் போறப்போ அந்தப் பொண்ணு விசும்பி விசும்பி அழுதுகிட்டிருந்துச்சு."

"ஐயோ பாவம்" என்றாள் மேல்படி.

இவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மேல இருந்து, 'பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்'னு சொன்னேன். என் டார்ச்சை ஒரு கயித்துல கட்டி மெதுவா இறக்கினேன். அந்த வெளிச்சத்துல அண்ணாந்து பாத்துச்சு பாருங்க. கண்ணு ரெண்டும் கலங்கி..."

"பொய்!"

தன் வாயிலிருந்துதான் அது வந்தது என்று அவளுக்கே தாமதமாகத்தான் உறைத்தது. அதற்குள் எழுந்து நின்றிருந்தாள்.

"அத்தனையும் பொய்! நான் எங்க அழுதேன்? திட்டினேன்! கூப்பிட்டு எவ்வளவு நேரம் கழிச்சு வர்றீங்கன்னு கிழிகிழின்னு கிழிச்சேன்! டார்ச்சும் இறக்கல, ஒண்ணும் இறக்கல. கையில இருந்த ஸ்க்ரூடிரைவரைத் தவறவிட்டு என் தோள்ல போட்டாரு! இன்னும் தழும்பு இருக்கு!"

கற்கள் மட்டும் சீறிக்கொண்டிருந்தன. டீச்சர் பிடித்திருந்த அகப்பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மேல்படி, முதன்முறையாக, உச்சிப்படியிலிருந்து இறங்கி வந்து அவள் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். பிறகு அவள் தோளைப் பார்த்தாள்.

அந்தப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்து, "லிஃப்ட்டு, மாட்டினவங்க இங்கயே வந்துட்டாங்க போல" என்றான். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஆண்கள் அறையின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

அவள் வெளியே வந்தபோது அவர் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். தலை துவட்டவில்லை. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. துணி இல்லாமல் நடுத்தெருவில் பிடிபட்ட ஆளின் முகம்.

"எத்தனை நாளா?" என்றார்.

"குளிர் தொடங்கினதுலேர்ந்து."

ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டே நடந்தார். அவளும் கூடவே நடந்தாள். தெருமுனை திரும்பும்வரை பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை.

"அந்த எதிர் எதிர் வீட்டுக் கதை, மீன் தொட்டியோட மாட்டினவன் கதை... இதெல்லாம் ஏன் எங்கிட்ட சொல்லல? நான் என்ன வேத்து ஆளா?"

"சொல்லியிருக்கேன்."

"எப்போ?"

"ஆரம்பத்துல. வந்ததும் வராததுமா சொல்லுவேன். நாலாவது மாடின்னு ஆரம்பிச்சா, நேத்து மூணுன்னுல்ல சொன்னீங்கம்பே. அந்தாளு குண்டுன்னா, போன தடவை ஒல்லின்னீங்களேம்பே. கதை அங்கயே நின்னு போயிரும்."

"அப்போ தப்பு என் மேலயா?"

"தப்புன்னு யாரு சொன்னா? நீ சொல்றது எல்லாம் சரியாத்தான் இருக்கும்." கொஞ்ச தூரம் போய்விட்டுச் சொன்னார்: "அங்க யாருக்கும் என்னைத் தெரியாது. அதனால அந்தக் கதைகள்ல நான் கொஞ்சம் நல்லா இருப்பேன். டார்ச்செல்லாம் இறக்குவேன்."

அவளுக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்ததா வேறெதிலா என்று பார்க்க நேரம் கொடுக்காமல், "பொத்தானைச் சரியா போடுங்க" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் நேரே வீட்டுக்கு வந்தார். அதற்கடுத்த செவ்வாயும் அப்படியே. பச்சைத் துண்டு கொடியில் காய்ந்து விறைத்துக் கிடந்தது. முதுகு மறுபடி பிடித்துக்கொண்டது. கட்டிலிலிருந்து ஒருக்களித்துத்தான் எழுந்தார். தான் நினைத்தது நடந்துவிட்டது என்று முதலில் அவளுக்கு ஒரு கெட்ட திருப்தி இருந்தது. இனி அந்தக் கதைகள் யாருக்கும் இல்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் தனக்கும் இல்லை என்பது சீக்கிரமே விளங்கிவிட்டது.

அவள் மட்டும் போனாள். அந்தப் பக்கம் யாரோ சர்க்கரை அளவைப் பற்றிப் பேசினார்கள். இன்னொருவர் அதற்குப் பாகற்காய் சொன்னார். டீச்சர் இரண்டு முறை கொட்டாவி விட்டாள்.

முற்றத்து பெஞ்சில் மேல்படி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தபோது நினைத்ததைவிடச் சின்னவளாக இருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"வீட்டுல அவருக்கு உடம்பு சரியில்லையாக்கா?"

"முதுகு" என்றாள் இவள், வெட்டென்று.

"நான் ஒரு கம்பெனியில ஃபோன் எடுக்கிறேன். பொருள் சரியில்லன்னு கூப்பிடுறவங்க லைன். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் காதுல திட்டுதான் விழும். அவரு குரல் ஒண்ணுதான் என்னைத் திட்டாத குரல்." துண்டின் நுனியைத் திருகினாள். "முகம்கூட எனக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்க்கா. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

இந்த மாதிரி ஒருத்தி சொன்ன பிறகு பொறாமை போய்விட வேண்டும். போகவில்லை. நல்ல பாதி உனக்கு, உப்பு கேக்கிற பாதி எனக்கா என்றுதான் உள்ளே ஓடியது. ஆனாலும் அந்தக் கருவளையத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் கொடியிலிருந்த பச்சைத் துண்டை எடுத்து மடித்து அவர் பையில் வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை போயிட்டு வாங்க."

அவர் பையைப் பார்த்தார். "நீ இருப்பியே."

"நான் இனிமே வியாழக்கிழமைதான். செவ்வாயும் வெள்ளியும் உங்களுக்கு." பையை இழுத்து மூடினாள். "டார்ச்சு இறக்குங்க, ஹெலிகாப்டர்கூட இறக்குங்க. ஆனா நான் அழுதேன்னு மட்டும் சொல்லாதீங்க."

அவர் போனார். அந்த வெள்ளிக்கிழமை அவள் வீட்டில் இருந்துகொண்டு காய் நறுக்கினாள். இந்நேரம் ஆரம்பித்திருப்பார், இந்நேரம் மேல்படி சிரித்திருப்பாள் என்று நினைத்து விரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டாள். திரும்பி வந்தவர் கன்னம் சிவந்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டே, கேட்காமலே, "இன்னைக்கு ஆஸ்பத்திரி லிஃப்ட்டுல ஒருத்தன்..." என்று ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிக்கு நேற்றுதானே போனார்? அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாயில் ஒரு அப்பளத்தைப் போட்டு மூடினாள். அவர் அதைக் கவனித்தார். கதை பாதிவரை வந்தது. பிறகு அவருக்கே கூச்சமாகிவிட்டது. பாதி கிடைத்ததே என்று இருந்தாள்.

வியாழக்கிழமைக் கூட்டம் வேறு. இரண்டு செவிலியர், ஒரு தையற்காரி, எல்லோரும் அவரவர் களைப்பில் வாய் மூடி உட்கார்ந்திருந்தார்கள். அந்த மௌனம் அவளை என்னவோ செய்தது. ஒரு நாள் தாங்கமாட்டாமல், கடையில் நடந்ததைச் சொன்னாள்.

"நேத்து ஒருத்தர் வந்தாரு. தூரத்துல இருக்கிறது தெளிவா தெரிஞ்சா போதும், கிட்டத்துல இருக்கிறது மங்கலாவே இருக்கட்டும், அப்படி ஒரு கண்ணாடி போட்டுக் குடுங்கன்னாரு. எல்லாரும் ரெண்டும் தெளிவா தெரியணும்னுதானே கேப்பாங்க, உங்களுக்கு என்னன்னேன். கிட்டத்துல என் மேனேஜர் உக்காந்திருக்கான்னாரு."

செவிலியர் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆண்குரல், ஆழமாக, வாய்விட்டுச் சிரித்தது. "இன்னொண்ணு சொல்லுங்க!" என்றது.

அவள் இன்னொன்று சொன்னாள். அந்த மேனேஜரை அடுத்த முறை இன்னும் குண்டாக்கினாள். வரவே வராத ஒரு மாமியாரை வரவழைத்தாள். உண்மைக்கு வெளியே கொஞ்சம் காலை வைத்தால் எவ்வளவு காற்றாட இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்று சாப்பிடும்போது அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னங்க?"

"பாட்டுப் பாடுற."

"நானா?"

"கதவைத் தொறக்கும்போது. இப்பவும்." சோற்றைப் பிசைந்தார். "வியாழக்கிழமை யாரெல்லாம் வருவாங்க?"

சொன்னாள். தான் கதை சொன்னதையும் சொன்னாள். மேனேஜர் கதையை அவர் ரசித்துக் கேட்டார். மூக்கால் சிரிக்கக்கூட ஆரம்பித்தார். பிறகு அந்தப் பக்கத்து ஆள் இன்னொன்று கேட்டதைச் சொன்னபோது அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"எந்தப் பக்கத்து ஆளு?"

"ஆம்பளைங்க பக்கம்தான். பலகைக்கு அந்தப் பக்கம் வேற யாரு இருப்பாங்க?"

"என்ன ஆளு?"

"தெரியாது. நல்லா சிரிக்கிறாரு."

அவர் எழுந்து தட்டைக் கழுவினார். வழக்கமாக அதோடு டிவி பக்கம் போய்விடுவார். அன்று துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்று, அவள் கழுவிக் கொடுத்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினார். காது நுனி சிவந்திருந்தது. இன்று செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை.

"வியாழக்கிழமை எனக்கும் வேலை சீக்கிரம்தான் முடியுது" என்றார்.

"அது என் நாளு" என்றாள் அவள்.

அவர் தலையாட்டினார். துடைத்த டம்ளரையே மறுபடி துடைத்தார்.

"அந்த ஆளுக்கு என்ன வயசிருக்கும்?"

"குரலை வச்சு எப்படிங்க சொல்றது" என்று அவள் குழாயை மூடினாள். அவர் இன்னும் ஏதோ கேட்கப் போகிறார் என்று தெரிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், அவர் கேட்பதற்காகக் காத்து நின்றாள்.